பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னால் ஓட்டுநர் மேல் தப்பில்லையா?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் எழுதியிருக்கிறார். வயது நாற்பதை நெருங்குகிறது. தாய்மாமனின் பத்து சக்கர லாரியைப் பல வருடங்களாக ஓட்டிவருகிறார். அறுவடைக் காலத்தில் நேரடி கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் சிப்பம் ஏற்றிக் கிடங்குக்கும் ரயிலடிக்கும் நடை. மற்ற மாதங்களில் பெரும்பாலும் வேதாரண்யம் உப்பு. பெயரும் ஊரும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு மற்றதைச் சுருக்கித் தருகிறேன்.

சம்பா அறுவடை தொடங்கியபோதே வண்டியில் காற்றுக் கசிவு இருந்திருக்கிறது. இரவு நிறுத்தினால் காலையில் மீட்டர் முள் அடியில் கிடக்கும். அப்புறம் பின்பக்கம் இடது சக்கரம் ஒன்றில் சேம்பர், அதாவது காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் டப்பா, கசிந்து, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் போல்ட் போட்டு உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டினார், அந்தச் சேம்பருக்குப் போகும் ஹோஸ்களை அடைத்தார், சீசன் முடிந்ததும் புதுச் சேம்பர் போடலாம் என்றார். காற்று குறைந்தால் கத்தும் பஸ்ஸரின் ஒயரை யாரோ எப்போதோ பிடுங்கிவிட்டிருக்கிறார்கள். "மாமா, அந்த வீலுக்குப் பிரேக்கே இல்லை, மாத்திடலாம்" என்று இவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். "நடை கெடும், சீசன் முடியட்டும்" என்று குரல் பதிவில் பதில் வந்திருக்கிறது.

ஒரு மாலை நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டி மன்னார்குடி சாலையில் லோடோடு போகிறார். கேட்டில் நின்றபோது காற்றழுத்தம் ஏழு கிலோ இருந்தது. ஒரு வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றி வந்த வயதான மொபெட்காரர் திடீரென்று நின்றுவிட்டார். இவர் மிதித்தார், போதவில்லை. விட்டு விட்டு மூன்று நான்கு முறை மிதித்தார். வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. உரசலில் விழுந்த மொபெட்காரருக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. இறங்கும் முன் மீட்டரைப் பார்த்தபோது முள் ஐந்துக்குக் கீழே இருந்தது.

இவர் மேல் வழக்குப் பதிவாகி, லாரி காவல் நிலையத்தில் நிற்கிறது. மாமா சொல்வது: "பிரேக் ஃபெயிலியர்னு சொல்லிடு, கேஸ் நிக்காது. எஃப்.சி. அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு. பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள அந்த சேம்பரை மாத்திடலாம்." கூடவே, சேதச் செலவைச் சம்பளத்தில் பிடிக்க இவர் சம்மதிப்பதாக ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறார். மெக்கானிக்கோ, "காத்து போனா ஏர் பிரேக் தானா பிடிச்சுக்கும், அதனால பிரேக் மேல குத்தம் இல்ல" என்கிறார். யார் சொல்வது சரி, நான் என்ன செய்ய என்பதே கேள்வி.

அன்புள்ள தம்பி,

வண்டி ஆய்வு பற்றி உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். அதைக் கீழே மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இதே நிலையில் இன்னும் பலர் இருப்பார்கள். அதற்கு முன் ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பேசியாக வேண்டும். பல ஆண்டுகளாக விபத்து வழக்குகளை நடத்திவரும் வக்கீல் நான், மெக்கானிக் இல்லை. ஆனாலும் உங்கள் வழக்கில் யார் எவ்வளவு பொறுப்பு என்ற கேள்விக்கு விடை அந்தச் சேம்பரில்தான் இருக்கிறது.

காற்று போனால் வண்டி தானாக நின்றுவிடுமா?

மெக்கானிக் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் கசிவோடு வண்டி ஓட்டுகிறார்கள்.

ரயிலுக்கு 1872-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் கொண்டுவந்த தானியங்கி பிரேக்கில், குழாயில் காற்று குறைந்தாலே எல்லாப் பெட்டியிலும் பிரேக் பிடிக்கும். லாரி அப்படி இல்லை. லாரியின் கால் பிரேக் பிடிக்கக் காற்று வேண்டும். ஹேண்ட் பிரேக்குக்கு நேர்மாறு: அது விடுபடக் காற்று வேண்டும். ஒரே வண்டியில் இரண்டு ஏற்பாடுகள் எதிரெதிராக இருப்பதை மறந்துவிட்டால் குழப்பம்தான்.

எஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரசர் காற்றை அடைக்கிறது. டிரையர் ஈரத்தை எடுத்துவிட்டு அதை டேங்குகளுக்கு அனுப்புகிறது. நீங்கள் பெடலை மிதிக்கும்போது ஃபுட் வால்வ் திறந்து, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பாதையில் காற்று போகிறது. பின்பக்கம் தூரம் அதிகம் என்பதால் நடுவில் ஒரு ரிலே வால்வ் இருந்து, டேங்கிலிருந்தே நேராகக் காற்றை எடுத்துக் கொடுக்கிறது. காற்று சேம்பருக்குள் நுழைந்ததும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வு புஷ் ராடைத் தள்ள, அது ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்ப, அதோடு எஸ் வடிவக் கேம் சுழன்று பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. லாரிகளில் சாதாரணமாகப் பார்க்கும் 30 எண் சேம்பரின் சவ்வு 30 சதுர அங்குலப் பரப்புக்குக் கணக்கு. ஆறு பார் அழுத்தத்தில் காற்று அதன் மேல் விழுந்தால் புஷ் ராடில் ஒரு டன்னுக்கும் மேல் விசை கிடைக்கும். நீங்கள் கிலோ என்று சொல்வதும் மீட்டரில் பார் என்று இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பின் சக்கரங்களில் இருப்பது இரட்டைச் சேம்பர். ஒரு பாதி கால் பிரேக்குக்கு. மற்றப் பாதிக்குள் பலமான ஒரு ஸ்பிரிங் அடைபட்டிருக்கிறது. ஓடும்போது காற்று அந்த ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து வைக்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டாலோ, கசிந்து அழுத்தம் இறங்கினாலோ ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடிக்கிறது. மெக்கானிக் சொல்லும் "தானா பிடிச்சுக்கும்" இதுதான்.

ஆனால் அந்த ஸ்பிரிங்கும் அதே புஷ் ராடு, அதே அட்ஜஸ்டர், ஷூ மேல் உள்ள அதே லைனிங், அதே டிரம் வழியாகத்தான் பிடிக்க வேண்டும். லைனிங் தேய்ந்து அட்ஜஸ்ட்மென்ட் விட்டுப்போயிருந்தால், ஹப் சீல் கசிந்து கிரீஸ் படிந்திருந்தால், கால் பிரேக்குக்கு வரும் கதி ஸ்பிரிங்குக்கும் வரும். இன்னொன்று, நிறைந்த காற்றுக்கும் காலியான காற்றுக்கும் நடுவே ஒரு மோசமான இடம் இருக்கிறது. கால் பிரேக்குக்கு முழு வலு கொடுக்கக் காற்று போதாது. ஸ்பிரிங் முழுதாக விரியும் அளவுக்குக் காற்று இறங்கியும் இருக்காது. உங்கள் முள் ஐந்துக்குக் கீழே நின்றது அந்த இடத்தில். இந்த நிலை வருகிறது என்று முன்கூட்டியே சொல்வதற்காக வைத்ததுதான் பஸ்ஸர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வண்டியில் அந்தச் சக்கரத்தின் ஸ்பிரிங்கைக் கட்டிவிட்டார்கள், ஹோஸையும் அடைத்துவிட்டார்கள். கால் பிரேக்கும் இல்லை, ஹேண்ட் பிரேக்கும் இல்லை. ஆறு இடத்தில் பிடிக்க வேண்டிய வண்டி ஐந்து இடத்தில் பிடித்தது. இடப்பக்கம் ஒன்று குறைந்ததால், பிடித்தபோது வலப்பக்கம் இழுத்ததும் இயல்பே. அந்த போல்ட் இருப்பதே ஸ்பிரிங் பிரேக் சிக்கி நகராமல் கிடக்கும் வண்டியை விடுவித்துப் பட்டறை வரைக்கும் கொண்டுபோவதற்காக. அதைப் போட்டுக்கொண்டு லோடு அடிப்பதற்காக அல்ல.

சமவெளியில் பிரேக்குக்கு என்ன வேலை என்ற நினைப்பு

நம் பகுதியில் இதை நிறையப் பேரிடம் கேட்கிறேன். மலையா, இறக்கமா, இங்கே பிரேக் எங்கே சூடாகப்போகிறது என்கிறார்கள். மலைச்சாலையில் டிரம் சூடேறி விரிந்து, ஷூ எட்டாமல் போவது பெரிய ஆபத்து, உண்மை. டெல்டாவின் ஆபத்து வேறு மாதிரி வருகிறது. வெண்ணாற்றங்கரையோ பாமணியாற்றங்கரையோ, கரையை ஒட்டிய சாலையில் அரை மைலுக்கு ஒரு வளைவு, ஒரு மதகு, ஒரு ஊர், ஒரு வேகத்தடை. மிதித்து விடும் ஒவ்வொரு தடவையும் டேங்கிலிருந்து எடுத்த காற்று 'புஸ்' என்று வெளியே போய்விடுகிறது. மெதுவாகப் போகும்போது எஞ்சின் சுற்றும் குறைவு, அதனால் கம்ப்ரசர் அடைக்கும் காற்றும் குறைவு. நல்ல வண்டி இதைத் தாங்கும். கசிவு உள்ள வண்டி தாங்காது. நீடாமங்கலம் கேட்டில் ஏழு இருந்த முள் பாலத்துக்கு வருவதற்குள் ஐந்துக்குக் கீழே போனதற்கு வேறு மர்மம் தேவையில்லை.

விட்டு விட்டு மிதித்ததைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திட்டுவதற்காக இல்லை. எண்ணெய் பிரேக் உள்ள சிறிய வண்டிகளில் தொழில் பழகியவர்களுக்கு அது கைவந்த பழக்கம், அங்கே சில சமயம் அது உதவும். ஏர் பிரேக்கில் அது இருக்கிற காற்றையும் வீணாக்கும். அழுத்தம் குறைகிறது என்று தெரிந்தால் ஒரே சீராக மிதித்துப் பிடித்துக்கொண்டு, கியரைக் குறைத்து எஞ்சினையும் வேகத்தைத் தடுக்க விட வேண்டும்.

உப்பு நடையும் உங்கள் வண்டியைப் பாதித்திருக்கும் என்று நினைக்கிறேன். உப்பு லோடிலிருந்து சொட்டும் நீர் இரும்புக் குழாய், டேங்க், சேம்பரைச் சுற்றியிருக்கும் பட்டை எல்லாவற்றையும் அரிக்கும். தேய்ந்த கம்ப்ரசர் எண்ணெயையும் சேர்த்துத் தள்ளினால் வால்வுகளில் பிசின் போலப் படியும், ரப்பரும் கெடும். டேங்கின் அடியில் நீர் சேர்ந்தால் காற்றுக்கு இடம் குறையும். இரவில் மீட்டர் அடிக்குப் போவதற்கு இதில் எது காரணம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கசிவு வாரக்கணக்கில் தன்னை அறிவித்துக்கொண்டே இருந்தது. சட்டம் கேட்கப்போவது அதைத்தான்.

"பிரேக் ஃபெயிலியர்" என்று சொல்லலாமா?

திடீரென்று வரும் கோளாறு, யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாத கோளாறு என்றால் அது ஒரு தற்காப்புதான். 1977-இல் மினு பி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கோளாறால் விபத்து என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். நியாயமான கவனம் எல்லாம் எடுத்திருந்தும் அந்தக் கோளாறு மறைந்தே இருந்தது என்றும் காட்ட வேண்டும். போல்ட் போட்டுக் கட்டிய சேம்பரை யாரும் மறைந்திருந்த கோளாறு என்று சொல்ல முடியாது. கட்டியவருக்குத் தெரியும், கட்டச் சொன்னவருக்குத் தெரியும், ஓட்டியவருக்கும் தெரியும். உங்கள் வழக்கில் "பிரேக் பிடிக்கவில்லை" என்ற சொல் தப்பிக்கும் வழி ஆகாது. தெரிந்தும் ஓட்டினோம் என்ற ஒப்புதலாகவே அது முடியலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 190-ஆம் பிரிவைப் பாருங்கள். பொது இடத்துக்கு ஆபத்தான கோளாறு வண்டியில் இருப்பது தெரிந்தோ, சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடியதாக இருந்தோ ஓட்டுபவரும், ஓட்டச் செய்பவரும், ஓட்ட விடுபவரும் குற்றவாளிகள். அதனால் விபத்தாகிக் காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ஓட்ட விடுபவர்" என்பதில் மாமாவும் வருகிறார். "ஓட்டுபவர்" என்பதில் நீங்களும் வருகிறீர்கள். இதை உங்களிடம் மறைத்துவிட்டு நல்ல ஆலோசனை சொன்னதாக நான் நினைத்துக்கொள்ள முடியாது.

உங்கள் முதல் தகவல் அறிக்கையில் பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 281, 125-ஆம் பிரிவுகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எலும்பு முறிவு சட்டத்தில் கொடுங்காயம். அதற்கு 125-இன் கீழ் 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. இரண்டு பிரிவுகளுமே ஜாமீனில் விடக்கூடியவை. அதனால் கைதாகிவிடுவோமோ என்ற பயத்தில் யார் நீட்டும் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

சாலையில் நெல் காயப்போட்டதைக் காரணம் காட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குறிப்பிடலாம், அது உண்மை. சாலையில் தடை இருந்ததற்குப் புகைப்படம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அறுவடை மாதத்தில் நம் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் கிடக்கும் என்பது உங்களுக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும் என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதை மட்டும் நம்பி நிற்க முடியாது.

எஃப்.சி. இருக்கிறதே?

தகுதிச் சான்று, ஆய்வு செய்த நாளில் வண்டி சரியாக இருந்தது என்பதற்குச் சான்று. எட்டு வயது வரையுள்ள வண்டிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம். இடைப்பட்ட நாளெல்லாம் பிரேக் பிடிக்கும் என்று அந்தத் தாள் உறுதி தருவதில்லை. வண்டி விதிப்படி இல்லாமல் போனால் சான்றையே ரத்து செய்ய 56-ஆம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. எஃப்.சி.க்குப் போனபோது நல்ல சேம்பர் இருந்தது, பிறகு அடைக்கப்பட்டது என்பது தெரிந்தால் மாமாவின் நிலை இன்னும் மோசமாகும்.

காப்பீடு பற்றி மாமாவுக்கு இருக்கும் பயத்தில் ஒரு பகுதி தேவையற்றது. காயமடைந்தவர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166-ஆம் பிரிவில் மனு போட்டால் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரும் எதிர்மனுதாரர்கள். மூன்றாம் நபருக்குத் தர வேண்டிய தொகையிலிருந்து நிறுவனம் விலகச் சட்டம் குறிப்பிட்ட சில காரணங்களையே அனுமதிக்கிறது. பிரேக் பழுது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பாலிசி நடப்பில் இருந்து, உங்கள் உரிமமும் வண்டியின் பர்மிட்டும் சரியாக இருந்தால் அந்த முதியவருக்கு நிறுவனம்தான் பணம் தரும் என்று பெரும்பாலும் எதிர்பார்க்கலாம். மாமாவின் சொந்த லாரிச் சேதம் வேறு கதை. வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பாலிசியிலேயே இருக்கும். அங்கே மறுக்கப்படலாம்.

லோடு கொஞ்சம் கூடுதல் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கொள்முதல் நிலையச் சீட்டில் சிப்பக் கணக்கு இருக்கும், மறைக்க முடியாது. 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

ஆய்வுக்கு முன் சேம்பரை மாற்றலாமா?

கூடாது. வண்டி இப்போது வழக்குச் சொத்து. காவல் நிலையத்தில் நிற்கும் லாரியில் கை வைத்துப் பாகத்தை மாற்றினால் அது சாட்சியத்தை அழிப்பது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. அபராதத்தோடு முடிந்திருக்கக்கூடிய ஒரு விஷயத்தில் புதிய குற்றத்தைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். இரவில் போய் மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் கூப்பிட்டால் கூடப் போகவும் வேண்டாம்.

அது மட்டுமில்லை, அந்தச் சேம்பர் இருக்கிறபடி இருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. அதை மாற்றிவிட்டால் பிரேக் இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் "இயந்திரக் கோளாறு இல்லை" என்று வரும். பிறகு விபத்துக்குக் காரணம் உங்கள் கையும் காலும் மட்டுமே என்றாகிவிடும், மாமா ஒதுங்கிக்கொள்வார். அவர் அந்த நினைப்போடு சொன்னார் என்று நான் சொல்லவில்லை. விளைவு அதுதான். பின் இடது சேம்பரையும் ஹோஸையும் பஸ்ஸர் ஒயரையும் புகைப்படத்தோடு பதிவு செய்யும்படி காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுங்கள், ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். மனுவின் வாசகத்தை ஒரு வக்கீல் பார்த்த பிறகே கொடுங்கள், ஏனென்றால் அதில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் உங்களுக்கு எதிராகவும் வாசிக்கப்படலாம். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 20(3) தரும் உரிமை அது. பொய் சொல்வதற்கு மட்டும் அதில் இடமில்லை.

வாட்ஸ்அப் செய்தியும் குரல் பதிவும் இருபுறமும் வெட்டும். உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று அது காட்டும். நீங்கள் சொல்லியும் உரிமையாளர் ஓட்ட விட்டார் என்றும் காட்டும். என் கருத்தில், கூட்டிக் கழித்தால் அது உங்கள் பக்கம்தான் நிற்கிறது. பழுதைச் சொல்லாமல் ஓட்டியவருக்கும், சொல்லிவிட்டு வேலைக்குப் பயந்து ஓட்டியவருக்கும் தண்டனையில் வித்தியாசம் பார்க்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்க முடியும். அந்தக் கைபேசியை விற்காதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள், வேறு போனுக்கு மாறுவதானால் இதை அப்படியே பத்திரமாக வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைத்தால்தான் மின்னணுப் பதிவு சாட்சியமாக ஏறும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

மாமாவும் நீங்களும்

முதலாளி வேறு ஆள் என்றால் இந்தப் பதில் பாதியில் முடிந்திருக்கும். கடிதத்தில் நான்கு இடத்தில் "மாமா மனசு கோணக்கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. உறவை முறிக்க நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து வேண்டாம். வேலை நேரத்தில் ஓட்டுநரால் நடந்த விபத்துக்கு உரிமையாளர் பொறுப்பு. வண்டியைப் பழுதோடு அனுப்பியவர், சேதச் செலவைச் சம்பளத்தில் பிடிப்பதற்கு உங்கள் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவைப்பது நியாயமில்லை. பாசத்தில் போட்ட கையெழுத்துக்கும் கோர்ட்டில் மதிப்பு உண்டு. குடும்பத்தில் பெரியவர் யாரையாவது வைத்து மாமாவிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்: நான் பொய் சொல்லவும் மாட்டேன், உங்களை மாட்டிவிடுவதற்காகப் பேசவும் மாட்டேன், இருவரும் சேர்ந்து ஒரு வக்கீலைப் பார்ப்போம். அவர் வக்கீலும் உங்கள் வக்கீலும் ஒருவராக இருக்க முடியாது என்ற நிலை வந்தால் தனியாக வைத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். இந்த வழக்கில் அந்த நிலை வரும் என்றே நினைக்கிறேன். செலவுக்கு வழியில்லை என்றால் திருவாரூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

ஊரில் பேசி ஒரு தொகை கொடுத்து முடித்துவிடலாம் என்பது இன்னொரு யோசனை. அந்த முதியவருக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவுவது நல்ல காரியம், செய்யுங்கள். அதனால் குற்ற வழக்கு தானாக மூடப்படாது, அவருடைய இழப்பீட்டு உரிமையும் போகாது. காப்பீட்டு வழியாக அவருக்குக் கிடைக்கக்கூடிய தொகையைச் சிறிய பணத்தில் அடைக்கப் பார்ப்பது அவருக்கும் அநீதி.

மறுபடி வண்டி எடுக்கும்போது

வண்டி விடுவிக்கப்பட்டதும் சேம்பரை மாற்றாமல் எடுக்காதீர்கள். மறுக்கும்போது வாயால் மட்டும் சொல்லாமல் செய்தியாகவும் அனுப்புங்கள்: இன்ன சக்கரத்தில் பிரேக் இல்லை, 190-ஆம் பிரிவுப்படி ஓட்டக்கூடாது, சரிசெய்ததும் வருகிறேன். வேலை போகும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. பத்து சக்கர லாரியை நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு நம் பகுதியில் அறுவடைக் காலத்தில் வேலை கிடைக்கும். சிறைக்குப் போனவருக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

தினமும் காலையில் பத்து நிமிடம் இதற்குக் கொடுங்கள். கட்டை போட்டு நிறுத்திய வண்டியில் டேங்க் வால்வுகளைத் திறந்து நீரை வெளியேற்றுங்கள். எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசரைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று நிறைந்ததும் எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கை முழுதாக மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் தேர்விலேயே இந்தச் சோதனை உண்டு. தனி லாரிக்கு ஒரு நிமிடத்தில் 3 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 0.2 பாருக்கு மேல் இறங்கக்கூடாது என்பது அங்கே அளவு. முள் கண்ணெதிரே இறங்கினால் கிளீனரை வண்டியைச் சுற்றி நடந்து காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் சந்தேகம் சேம்பர், ஹோஸ் பக்கம். மிதிக்காமலே வந்தால் டேங்க், குழாய், வால்வ் பக்கம். பிறகு சாவியைப் போட்டுவிட்டு, விட்டு விட்டு மிதித்துக் காற்றை இறக்கிப் பாருங்கள், பஸ்ஸர் கத்த வேண்டும். கத்தாவிட்டால் அன்று வண்டி கிளம்பக்கூடாது.

அட்ஜஸ்ட்மென்டைப் பார்க்க, புஷ் ராடில் சேம்பர் வாயருகே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒருவரை மிதிக்கச் சொல்லி, கோடு எவ்வளவு நகர்கிறது என்று அளக்கலாம். சாதாரண 30 எண் சேம்பரில் மொத்த ஓட்டமே இரண்டரை அங்குலம்தான். இரண்டு அங்குலத்தை எட்டினால் டைட் வைக்கும் நேரம் தாண்டிவிட்டது. தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் அடிக்கடி கையால் டைட் வைக்க வேண்டியிருந்தால் அட்ஜஸ்டரிலோ கேம் புஷ்ஷிலோ கோளாறு. கையால் வைத்துச் சமாளித்தால் அது மறைந்துதான் போகும். ஒரு நடை முடிந்து இறங்கியதும் எல்லாச் சக்கரங்களின் டிரம் பக்கமும் கையைத் தொடாமல் அருகே கொண்டுபோய் வெப்பம் பாருங்கள். மற்றவை சூடாக இருக்கும்போது ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அது விடவில்லை. அடைமழையில் முழங்கால் நீரைத் தாண்டி வந்தால் வேகமெடுக்கும் முன் லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் போய் லைனிங்கை உலர்த்திக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் சேம்பரின் பட்டையை மட்டும் நீங்களோ கிளீனரோ ஒருபோதும் கழற்றாதீர்கள். உள்ளே அழுந்தி நிற்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் ஆளைக் கொன்றுவிடும். பழுதானால் முழுசாக மாற்றட்டும், பழையதை ஸ்பிரிங்கைச் செயலிழக்கச் செய்த பிறகே பழைய இரும்புக்குப் போட வேண்டும்.

ஆய்வு அறிக்கையின் நகல் கைக்கு வந்ததும் பிரேக் பற்றிய பத்தியை மட்டும் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதில் அந்தச் சேம்பர் பற்றி ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் அடுத்து என்ன மனு போடுவது என்று சொல்ல முடியும்.